மொட்டை மாடியில் மெகாதீரியம்: 15 புள்ளி, 13 வரிசையில் அசல் அளவுக் கோலம்

பெங்களூரில் 30-க்கு 40 சைட்டில் கட்டிய வீடாக இருந்தால், படிக்கட்டு அறையும் தண்ணீர்த் தொட்டியும் போக மொட்டை மாடியில் 18-க்கு 16 அடி திறந்த தரை பெரும்பாலும் மிஞ்சும். அந்த இடம் போதும். தென் அமெரிக்காவில் வாழ்ந்து அழிந்துபோன மெகாதீரியம் என்னும் தரை ஸ்லாத்தை (மரத்தில் தொங்கி மெல்ல நகரும் ஸ்லாத்தின் தரைவாழ் உறவை), அது பின்னங்கால்களில் எழுந்து நின்று கிளையை வளைக்கும் நிலையில், ஓர் அங்குலமும் சுருக்காமல் கோலமாவால் வரைந்துவிடலாம். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 6 மீட்டர், எடை ஏறக்குறைய 4 டன் என்று படிக்கும்போது அந்த எண்கள் கண்ணில் எதையும் காட்டுவதில்லை. அதன் முன்கைக்குக் கீழே, தரைக்கோட்டில் காலை வைத்து நீங்கள் படுத்து, முழங்கையைத் தொடுவதற்குக் கையை முழுக்க உயர்த்த வேண்டியிருக்கிறது என்று காணும்போதுதான் அந்த அளவு மனத்தில் இறங்குகிறது.

அல்சூரில் உள்ள எங்கள் குடியிருப்பில் இதை இரண்டு மார்கழிகளில் வரைந்திருக்கிறோம். முதல் ஆண்டு செய்த பிழைகளை அடுத்த ஆண்டு திருத்தியதில் கிடைத்த முறையையே இங்கே எழுதுகிறேன்.

வரைவதற்கு முன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அது நேரடியாகக் கையில் வந்து இறங்கும். ஸ்லாத் என்பதைத் தமிழில் பலரும் தேவாங்கு என்று எழுதிவிடுகிறார்கள். தேவாங்கு குரங்குகளுக்குத் தூரத்து உறவான, உருண்டைக் கண் கொண்ட சிறு பிராணி. பெங்களூரிலேயே, இந்திய அறிவியல் கழக வளாகத்து மரங்களில் இரவில் அதைப் பார்க்கலாம். ஸ்லாத்துக்கும் அதற்கும் உறவு கிடையாது. இன்னொரு குழப்பம் நம் ஊர்க் கரடியால் வந்தது. பன்னேருகட்டா பூங்காவில் நாம் பார்க்கும் அந்தக் கரடியின் நீண்ட நகங்களையும் இல்லாத முன்பற்களையும் கண்டு, 1791-இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர் அதை ஸ்லாத் இனத்திலேயே சேர்த்துப் பெயரிட்டுவிட்டார். பிழை பின்னர் திருத்தப்பட்டாலும், ஆங்கிலத்தில் அது இன்றும் ‘ஸ்லாத் கரடி’தான். உண்மையான ஸ்லாத்துகளும் அவற்றின் தரைவாழ் உறவினர்களும் அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியவை. எலும்புப் புரதங்களையும் மரபணுக்களையும் ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வுகள், இன்று மரத்தில் தொங்கும் மூவிரல் ஸ்லாத்துக்கே மெகாதீரியம் நெருங்கிய உறவு என்று காட்டின. ஆகவே கரடியை நினைத்துக்கொண்டு வரையத் தொடங்கினால் கால் கெடும். தேவாங்கை நினைத்தால் முகம் கெடும்.

அடுத்தது மூலப்படம். இணையத்தில் கிடைக்கும் வண்ண ஓவியங்களைப் பார்த்து வரைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பல, ஒன்றைப் பார்த்து ஒன்று வரையப்பட்டவை. எலும்புக்கூட்டின் பக்கவாட்டுப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எலும்புக்கூடுகளின் படங்கள் எளிதாகக் கிடைக்கும். ஒன்று மாட்ரிட் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் இருப்பது. அர்ஜென்டினாவின் லுஹான் ஆற்றங்கரையில் 1787-இல் மனுவேல் டி டோரெஸ் என்ற துறவி தோண்டி எடுத்த எலும்புகள் அவை. அடுத்த ஆண்டு கப்பலில் மாட்ரிட் வந்துசேர்ந்த அவற்றை, ஹுவான் பவுதிஸ்தா புரு என்ற ஓவியர் ஒவ்வொன்றாக வரைந்து, பின் ஒன்றுசேர்த்து நிறுத்தினார். அழிந்துபோன விலங்கொன்றின் எலும்புக்கூட்டை உயிரோடு நிற்பதுபோல் நிறுத்தியது உலகில் அதுவே முதல்முறை. ஸ்பெயின் அரண்மனைக்கு அது பிடித்துப்போய், அதே விலங்கில் உயிரோடு ஒன்றை, சிறியதாக இருந்தாலும் சரி, பிடித்து அனுப்ப முடியுமா என்று புவெனோஸ் அயர்ஸுக்குக் கடிதம் போனது. கோலம் போடுபவர்களுக்கு உற்சாகம் தரக்கூடிய செய்தி இதற்குப் பிறகு வருகிறது: 1796-இல் அந்த விலங்குக்குப் பெயர் சூட்டி, அது ஸ்லாத்துகளின் உறவு என்று பாரிஸிலிருந்து எழுதிய ஜார்ஜ் கூவியே என்ற விலங்கியல் அறிஞர், எலும்புகளை நேரில் பார்த்ததில்லை. புரு வரைந்த படங்களின் அச்சுப்படிகளை வைத்துக்கொண்டே அந்த முடிவுக்கு வந்தார். கோடு சரியாக இருந்தால் படமே போதும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆனால் நம் கோலத்துக்கு மாட்ரிட் எலும்புக்கூடு பொருந்தாது. அது நான்கு காலில் நிற்கிறது, பாதங்களும் புருவின் காலத்து அறிவுக்கு ஏற்பவே வைக்கப்பட்டுள்ளன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மரத்தைப் பிடித்தபடி எழுந்து நிற்கும் வார்ப்பு எலும்புக்கூடே நமக்கு உதவும். அதன் பக்கவாட்டுப் படத்தின் மேல் கட்டங்கள் போட்டு, கணக்கு நோட்டில் ஒரு கட்டம் ஓர் அடி என்று முதலில் சிறிதாக வரைந்து பாருங்கள். இந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால் மாடியில் ஒரு காலை நேரம் முழுவதும் போய்விடும்.

இனித் தரை. நம் ஊர் மாடிகளில் வெயிலுக்காகவும் கசிவுக்காகவும் வெள்ளைப் பூச்சு அடித்திருப்பார்கள், அல்லது வெள்ளை ஓடு பதித்திருப்பார்கள். அவற்றின் மேல் வெள்ளைக் கோலமாவு தெரியவே தெரியாது. சிமெண்டுத் தரையாக இருந்தால் வெள்ளை மாவு, வெள்ளைத் தரையாக இருந்தால் செம்மண் என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்மண்ணைத் தூளாகவே தூவுங்கள், கரைத்துப் பூசாதீர்கள். முதல் ஆண்டு காவியைக் கரைத்து ஓட்டின் மேல் பூசிவிட்டு, மெகாதீரியத்தின் வால் மே மாதம் வரை மாடியில் கிடந்ததற்காகக் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. வாசலில் போடுவதுபோல் உலர்ந்த மாவு மட்டும் போட்டால் மாடிக் காற்று ஏழு மணிக்குள் பாதியைக் கொண்டுபோய்விடும். வெளிக்கோட்டை மாக்கோலமாகவே இழுப்பது நல்லது: பச்சரிசியை ஊறவைத்து நைஸாக அரைத்து, தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்து, சிறு துணித்துண்டை நனைத்து உள்ளங்கையில் அடக்கி, மோதிர விரல் வழியே வடிய விட வேண்டும். உலர்ந்த மாவை உள்ளே நிரப்புவதற்கு மட்டும் வைத்துக்கொண்டால் 2 கிலோ போதுமானது.

மூலை சரியாக இருந்தால்தான் புள்ளி நேராக வரும். கைப்பிடிச் சுவரை நம்பி அதற்கு இணையாகக் கோடு போடாதீர்கள். எங்கள் மாடியின் இரண்டு பக்கச் சுவர்களும் ஒன்றுக்கொன்று நான்கு அங்குலம் கோணல். கொத்தனார்கள் செய்வதுபோல் ஒரு நூலை நீளவாக்கில் பிடித்து, அதில் 4 அடியையும், குறுக்கு நூலில் 3 அடியையும் குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையே 5 அடி வரும்வரை குறுக்கு நூலை நகர்த்தினால் மூலமட்டம் கிடைத்துவிடும். அதன்பின் ஓர் அடி இடைவெளியில் நேர்ப்புள்ளி வைக்கலாம். இங்கே ஊடுபுள்ளி வேண்டாம். குறுக்கே 15 புள்ளிகள், மேல்நோக்கி 13 வரிசைகள். புள்ளிகளின் எண்ணிக்கையை அப்படியே அடியாகக் கொண்டுவிடாதீர்கள்; 13 வரிசைகளுக்கு இடையில் இருப்பது 12 அடிதான், இந்த விலங்கு எழுந்து நின்ற உயரத்துக்கு அது சரியாகப் பொருந்துகிறது. புள்ளிகளைச் சாக்பீஸால் வைத்து, ஓரங்களில் எண்ணையும் எழுதிவிடுங்கள். கீழ் வரிசை 1, இடது ஓரப் புள்ளி 1. கீழ் வரிசைதான் தரை, இடது பக்கம் வால், வலது பக்கம் கிளை.

தலையிலிருந்து தொடங்க வேண்டும் என்று எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். இடுப்பிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் இந்த உடலின் பாரம் முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. 7-ஆம் புள்ளி, 5-ஆம் வரிசையில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அது இடுப்பு மூட்டு. அங்கிருந்து பின்னால் 5-ஆம் புள்ளி, 5-ஆம் வரிசையில் பின்புறம். அதிலிருந்து தரையை நோக்கிச் சரிந்து முதல் வரிசையின் முதல் புள்ளியில் வால் நுனி. வாலை மாட்டுவாலைப் போல மெலிதாக்கிவிடக் கூடாது. அடியில் உங்கள் இடுப்பளவு தடிமன் கொண்டது, இரண்டு கால்களோடு சேர்ந்து முக்காலியின் மூன்றாவது காலாக உடலைத் தாங்கியது. நுனிக்கு முந்தைய ஓரிரு அடி தரையில் படிந்திருக்க வேண்டும்.

இனி முதுகு. பின்புறத்திலிருந்து 6-ஆம் புள்ளி 8-ஆம் வரிசை, 8-ஆம் புள்ளி 10-ஆம் வரிசை, 9-ஆம் புள்ளி 11-ஆம் வரிசை என்று ஒரே இழையாக, சிக்குக் கோலத்தில் வளைவு இழுப்பதுபோல் கை எடுக்காமல் போங்கள். கடைசிப் புள்ளி தோளின் மேற்புறம். அங்கிருந்து 11-ஆம் புள்ளி 13-ஆம் வரிசையில் உச்சந்தலை. அதற்கு வலப்புறம் 13-ஆம் புள்ளி 12-ஆம் வரிசையில் மூக்கு. வால் நுனியிலிருந்து மூக்கு வரை முதுகின் மேலேயே ஒரு கயிற்றைப் படிய வைத்து அளந்து பாருங்கள். 18 அல்லது 19 அடி வரும், அது சரி. அதைவிடக் குறைவாக வந்தால் முதுகை நேர்க்கோடாக இழுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

வயிற்றுக்கு வளைவு தாராளமாக வேண்டும். இலை தழை தின்று செரிக்கும் குடல் உள்ளே இருந்த உடல் அது. நெஞ்சு 11-ஆம் புள்ளியில் 9-ஆம் வரிசைக்குச் சற்று மேலே தொடங்கி, 6-ஆம் வரிசைவரை அதே அளவு முன்தள்ளி நின்று, பின் 9-ஆம் புள்ளி 4-ஆம் வரிசையில் தொடையோடு சேரட்டும். தொடையைப் பொறுத்தவரை, அளவு தவறிவிட்டதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு அகலமாக வரையுங்கள். மெகாதீரியத்தின் தொடை எலும்பு யானையினுடையதைவிட நீளத்தில் குறைந்தது, ஆனால் அகலத்தில் அதை மிஞ்சுவது. தூண் என்பதைவிட அம்மிக்கல் என்றால் பொருந்தும்.

இந்தக் கோலத்தில் உண்மையான வேலை பாதங்களில்தான் இருக்கிறது. முதல் ஆண்டு நான் பின்பாதத்தைக் கரடியின் பாதம்போல் தட்டையாக ஊன்றி, அதில் ஐந்து நகங்களையும் வரிசையாக அடுக்கிவிட்டேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, கீழ்வீட்டு ஏழாம் வகுப்புப் பையன் மட்டும் அங்கேயே நின்று, “ஆன்ட்டி, பின்னாடி காலுக்கு ஒரே ஒரு பெரிய நகம்தான் இருக்கும்” என்றான். அவன் சொன்னது சரி. பின்பாதத்தில் மூன்றாம் விரலுக்கு மட்டுமே பெரிய நகம் உண்டு. அதைவிட முக்கியமானது, இந்த விலங்கு உள்ளங்காலை முழுவதும் ஊன்றி நடக்கவில்லை; பாதம் உட்புறமாகத் திரும்பி, அதன் வெளி ஓரம்தான் தரையில் பட்டது. செருப்பின் வெளிப்பக்க விளிம்பு மட்டும் தேயும்படி நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதையே இன்னும் பல மடங்காக்கிக்கொள்ளுங்கள். ஆகவே நமக்கு அருகில் இருக்கும் காலைப் பக்கவாட்டில் வரையும்போது உள்ளங்கால் தெரியக் கூடாது. 6-ஆம் புள்ளிக்குச் சற்று முன்னதாகவே பின்தள்ளி நிற்கும் குதிகாலிலிருந்து தொடங்கி, 3 அடி நீளத்துக்கு, ஒரு பக்கமாகச் சாய்த்துவைத்த பரிசலின் விளிம்பைப் போல ஒரே இழை இழுத்து, பாதத்தின் மேற்பரப்பு நம்மை நோக்கியிருக்கும்படி விட்டுவிடுங்கள். நகம் முன்னால், உட்புறம் வளைந்து, தரையைக் குத்தாமல் நிற்கும். அர்ஜென்டினாவின் பெவென்கோ கடற்கரையில் கிடைத்த காலடித் தடங்களில் இரண்டே கால்களால் நடந்த தடவரிசையும் இருப்பதால், இந்த விலங்கு எழுந்து நின்றது கற்பனை அல்ல என்று துணிந்தே இந்த நிலையைத் தேர்ந்தேன்.

முன்கைகளுக்குக் கணக்கு எளிது. 10-ஆம் புள்ளி 10-ஆம் வரிசையில் தோள் மூட்டு. 11-க்கும் 12-க்கும் நடுவே 8-ஆம் வரிசையில் முழங்கை. 13-ஆம் புள்ளி 10-ஆம் வரிசையில் மணிக்கட்டு. அங்கிருந்து விரல்கள் 15-ஆம் புள்ளியை நோக்கி வளைந்து போகும். இரண்டாம், மூன்றாம், நான்காம் விரல்களுக்கு மட்டுமே நகம் போடுங்கள். கட்டைவிரல் குறுகிப்போனது, ஐந்தாம் விரலுக்கு நகம் இல்லை, நான்கு காலில் நடக்கும்போது கையின் அந்த வெளிப்பக்கம்தான் தரையில் பட்டது. நகம் ஒவ்வொன்றையும் ஓர் அடியை ஒட்டிய நீளத்தில், அரிவாள்மணையின் வளைவோடு வரையலாம். இரண்டாம் கையை முதல் கைக்குப் பின்னால் பாதி மறைத்துவிடுங்கள். இரண்டையும் முழுதாக வரைந்தால் குத்துச்சண்டைக்கு நிற்பதுபோல் ஆகிவிடுகிறது.

தலை இரண்டரை அடிக்குள் அடங்க வேண்டும். இவ்வளவு பெரிய உடலுக்கு இது சிறிது என்றுதான் தோன்றும், தோன்றட்டும். கீழ்த்தாடை மட்டும் பற்களின் கீழே நடுவில் பானை வயிறுபோல் ஆழமாக இறங்கும். முன்பற்களும் கோரைப்பற்களும் இந்த விலங்குக்குக் கிடையாது. பக்கத்துக்கு மேலே ஐந்து, கீழே நான்கு என்று மொத்தம் 18 கன்னப்பற்கள். எனாமல் இல்லாத அவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருந்தன. ஆகையால் வாயைத் திறந்து பல்வரிசை காட்ட வேண்டியதில்லை. முகவாய் குறுகலாக முடிந்து, மேலுதடு சற்று முன்னால் நீண்டு, இலையைப் பற்றக்கூடியதாக இருக்கட்டும். பழைய படங்களில் ஒட்டகச்சிவிங்கியைப் போல் நீண்டு தொங்கும் நாக்கு ஒன்று போட்டிருப்பார்கள். நாக்கைத் தாங்கும் எலும்புகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான கட்டுரை, நாக்கு அவ்வளவு நீண்டிருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்துவிட்டதால் அதைத் தாராளமாக விட்டுவிடலாம்.

ரோமத்தில் அடக்கம் தேவை. சிலி நாட்டுக் குகை ஒன்றில் 1895-இல் ரோமத்தோடு கிடைத்த தோல் மைலோடான் என்ற வேறொரு தரை ஸ்லாத்துக்கு உரியது. மெகாதீரியத்தின் தோல் இதுவரை கிடைக்கவில்லை. அவ்வளவு பெரிய உடலுக்கு யானையைப் போல ரோமம் அருகித்தான் இருந்திருக்கும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. முதுகிலும் தோளிலும் உலர்ந்த மாவால் குட்டை இழைகளை அங்கங்கே தூவிவிட்டு, வயிற்றை வெறுமையாக விட்டேன். கம்பளி போர்த்தியதுபோல் நிரப்பினால் மாவும் வீண், வளைவும் மறைந்துவிடும்.

கிளை வரையும்போது எங்கள் குடியிருப்புக் குழந்தைகள் ஆலமரம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். மெகாதீரியம் வாழ்ந்தது அங்கங்கே புதரும் மரமும் கொண்ட பாம்பாஸ் புல்வெளி; ஆலும் வேம்பும் அங்கே இல்லை. இலையின் வடிவத்தைக் காட்டாமல் கிளையை மட்டும் நீட்டியதில் சமாதானம் ஏற்பட்டது. எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். விழுது போடுவது கைக்கு இன்பமான வேலை.

பக்கத்தில் எழுத வேண்டிய குறிப்பைச் சுருக்கமாக வையுங்கள். மெகாதீரியம் என்றால் கிரேக்கத்தில் பெருவிலங்கு. பார்ப்பவர்கள் எல்லோரும் இதை டைனோசர் காலத்தில் தள்ளிவிடுவார்கள் என்பதால் காலத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். டைனோசர்கள் முடிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. மெகாதீரியத்தையோ மனிதர்கள் கண்டிருக்கிறார்கள், வேட்டையும் ஆடியிருக்கிறார்கள். அர்ஜென்டினாவின் காம்போ லபோர்தே என்ற இடத்தில், சதுப்பு ஓரத்தில் கொன்று கூறுபோடப்பட்ட ஒன்றின் எலும்புகளுக்கு ஏறக்குறைய 12,600 ஆண்டுகள் வயது கணிக்கப்பட்டுள்ளது. நாங்கள் தமிழில் எழுதியதற்குக் கீழே எதிர்வீட்டுக்காரர் கன்னடத்தில் எழுதித் தந்தார். அதன்பின் வந்தவர்களுக்கு வாயால் விளக்கும் வேலை பாதியாகக் குறைந்தது.

படம் எடுப்பதற்கு ஆள் உயரக் குச்சியில் கைபேசியைக் கட்டினால் போதாது. தண்ணீர்த் தொட்டி மேடைக்குப் பெரியவர் ஒருவர் மட்டும் ஏறி எடுக்க வேண்டும். அதற்கு முன், அளவு தெரிவதற்காக ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவரை முதல் வரிசையில் காலை வைத்துக் கோலத்துக்குள் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். அவர் தலை 6-ஆம் வரிசையைத் தாண்டி 7-ஐ எட்டாது. எங்கள் வீட்டில் என் மாமியார்தான் முதலில் படுத்தார். எழுந்ததும் திரும்பி அந்த முழங்கையைப் பார்த்துவிட்டு, “இது கையைக் கீழே போட்டாலே நம்ம தலையில இடிக்கும் போல” என்றார்.

கழுவும்போது ஒன்றை மறக்கக் கூடாது. நம் ஊரில் மாடித் தண்ணீர் பல வீடுகளில் மழைநீர்க் குழாய் வழியே நேராகக் கீழே உள்ள தொட்டிக்குப் போகிறது. அது தொட்டிக்குள் இறங்கும் வாயைத் துணியால் அடைத்து, முதல் மழைநீரை வெளியே விடும் வால்வைத் திறந்துவைத்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். உலர்ந்த மாவையும் செம்மண்ணையும் முன்கூட்டியே பெருக்கி அள்ளிவிடுவது நல்லது. அரிசி மாவு இழையை மட்டும் ஒருநாள் விட்டுவைக்கலாம். எங்கள் மாடியில் மறுநாள் காலை எறும்புகள் மூன்று நகங்களையும் ஓரம் பிசகாமல் கறுப்பாக வரைந்து வைத்திருந்தன.